தோன்றா எழுவாய்

அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் பல் டாக்டருக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே காத்திருப்பறைதான். முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண், படியேறி வருகிறவர்களைத் தலை நிமிராமலே கேட்பாள்: "பல்லா, பேச்சா?"

பேச்சு என்று சொல்லக் கூசியவர்கள் பல் என்று சொல்லிவிடுவதுண்டு. புதிதாகக் கல்யாணமான ஒருவன் அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்து, வாயைத் திறந்து, ஒரு குறையும் இல்லாத பற்களைச் சுத்தம் செய்துகொண்டு போனான். மறுவாரமும் வந்து அதையே செய்துகொண்டான். அதற்கடுத்த முறை பல் டாக்டரே அவன் தோளில் கைபோட்டு எதிர் அறைவரை அழைத்து வந்தார்.

"தம்பி பல்லுல இனிமே தேய்க்க ஒண்ணும் மிச்சமில்ல. நீங்களே பாத்துக்கோங்க மேடம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வந்தவன் அப்படியே திரும்பிப் போய்விடுவான். வெட்கத்தைப் பற்றித் தனக்கு நிறையத் தெரியும் என்று அந்த நாட்களில் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கதவில் 'உறவு, பாலியல் ஆலோசகர்' என்று பலகை இருந்தது. அதை எழுதிக் கொண்டுவந்தவர் 'உறவு' என்பதைக் கொட்டை எழுத்திலும் 'பாலியல்' என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவிலும் எழுதியிருந்தார். கேட்டதற்கு, "உங்க நல்லதுக்குத்தாம்மா. வயசான நாலு பேர் ஏறி இறங்கற எடம்" என்றார். அவள் அவரைக் கொண்டே இரண்டையும் ஒரே அளவில் திருப்பி எழுத வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

இந்த வேலைக்கு அவள் நேர்வழியில் வரவில்லை. முன்பு ஒரு பெரிய மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தாள். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் பழக்க வேண்டும். சாவியின் படத்தைக் காட்டினால் அவர்கள் 'பூட்டு' என்பார்கள்; தவறு என்று தெரிந்து கண் கலங்குவார்கள். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருப்பாள். காத்திருப்பது அவளுக்கு நன்றாக வந்தது.

ஒருநாள் ஒரு தச்சரின் மனைவி, கணவரைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தாள். குடை அவள் கையிலேயே இருந்தது.

"மேடம், இனிமே அவரு பக்கத்துல படுக்கலாமா? படுத்தா மறுபடியும் இழுத்துக்குமா?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. கேட்டு வருகிறேன் என்று பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் பக்கத்திலிருந்த டாக்டர்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வயசுல இது வேறயா?" அவர்களும் சிரித்தார்கள். அவள் காதுமடல் எரியத் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் போய்விட்டிருந்தாள். அடுத்த தடவை கணவரோடு வந்தபோதும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புதான் அவளை மறுபடியும் படிக்க அனுப்பியது.

படித்துவிட்டு வந்தபிறகும் அவள் கைக்கொண்டது பழைய வேலையின் முறையைத்தான். அறையில் மேசை போடவில்லை. ஒரே உயரத்தில் மூன்று நாற்காலிகள், ஒரு ஜன்னல். முதல் சந்திப்பில் யாருக்கும் அறிவுரை கிடையாது. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பாள், அவ்வளவே.

அவர்கள் பேசும் வாக்கியங்களில் ஆளே இருக்காது. சரியா அமையல. மனசு ஒட்டல. அது நடந்து ரொம்ப நாளாச்சு. கேக்கறதும் இல்ல, கெடைக்கறதும் இல்ல. யார் மனசு? யார் கேட்பதில்லை? யாருக்குக் கிடைப்பதில்லை? பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று ஒரு பெயர் படித்திருந்தாள். 'வந்தேன்' என்று சொன்னால் போதும், 'நான்' உள்ளே மறைந்து நிற்கும், சொல்லின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வெட்கப்படுகிறவர்கள் அந்த வாலையும் நறுக்கிவிட்டுத்தான் பேசுகிறார்கள் என்பதை அவள் இந்த அறையில்தான் கண்டுகொண்டாள்.

ஆகவே ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். "யாரு?"

"வேண்டாம்னு ஆயிடுச்சு மேடம்."

"யாருக்கு?"

"வீட்டுலதான்."

"வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்க. யாருக்கு?"

ஒரு கணவர் பொறுக்கமுடியாமல் மனைவியின் காதில், "இவங்க முன்னாடி போலீஸ் ஸ்டேஷன்ல வேல பாத்திருப்பாங்க போல" என்றார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் எத்தனையோ சண்டைகள் பாதியாகச் சுருங்கிப்போவதை அவள் பார்த்திருக்கிறாள். அவளிடம் தொழில் பழக வரும் மாணவிகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். யாரு என்று கேட்காமல் ஒரு வாக்கியத்தையும் நம்பிவிடாதீர்கள். இன்னொன்று, சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லாதீர்கள்.

அவளுக்கு நெருங்கிய சொந்தம் என்று இருந்தது அக்கா ஒருத்திதான். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஏழு. தலை பின்னிவிட்டதும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதும் அக்கா. அவள் வயதுக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு துணியை நீட்டியவளும் அக்காதான். "இது இனிமே மாசாமாசம் வரும். அத இப்படி வெச்சுக்கணும். யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத." அத்துடன் பாடம் முடிந்தது.

அக்கா இப்போது ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். மாமா, அதாவது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அக்கா இன்றைக்கும், "பேச்சு வராத குழந்தைங்களுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்கறா" என்பாள். ஒருமுறை அவளிடமே, "ஏண்டி, காது மூக்குனு எவ்வளவோ இருக்கே, அதுல ஏதாவது பாக்கக் கூடாதா?" என்று கெஞ்சியிருக்கிறாள். பலகையை ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

அதனால்தான் அன்று மதியம் முன்மேசைப் பெண் உள்ளே வந்து, "மேடம், ஒருத்தங்க பல்லுன்னு சொன்னாங்க. டாக்டர் இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டேன். போகாம உங்க கதவையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க" என்றபோது, எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி அக்கா.

"பல் வலியாக்கா?"

"ஆமா. இல்ல. உள்ள வரலாமா?"

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு மேசை போடக் கூடாதா?"

"வேணும்னுதான் போடலக்கா."

"வந்தவங்க கைய எங்க வெச்சுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏதாவது விஷயம்னா… சொந்தக்காரங்களுக்கு நான் பாக்கறதில்ல, உனக்குத் தெரியும்."

"பாக்க வேண்டாம். தங்கச்சிகிட்ட பேச வந்தேன். பேசக் கூடாதா?"

"பேசுக்கா."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒருவன் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"வீட்டுல அது சரியில்ல. ரெண்டு வருஷமா வேண்டாம் வேண்டாம்னே போகுது. கிட்ட வந்தா திரும்பிப் படுத்துக்கறது. சொல்லியும் பாத்தாச்சு, சண்டையும் போட்டாச்சு. காலைல மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கு. நானும் மனுஷிதானே? எத்தன நாளைக்குத்தான்…"

நிறுத்திவிட்டாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

யாரு என்று கேட்க வேண்டிய இடம் அது. அவளுடைய மாணவிகளில் எவளும் அந்த இடத்தைத் தவறவிட்டிருக்கமாட்டாள். ஆனால் கேட்டால் அக்காவும் மாமாவும் ஒரு கட்டிலோடு அவள் கண்முன் வந்து நிற்பார்கள். அவளுக்கும் கழுத்து சுட்டது. இந்த நிமிடம் சீக்கிரம் கடந்தால் போதும் என்றிருந்தது. தவிர, கேட்க என்ன இருக்கிறது? நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் ஒருத்தி. விடாமல் தொந்தரவு செய்யும் கணவன். இப்படி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்.

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. கட்டின புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் இதுல கட்டாயம் கிடையாது. மனசில்லன்னா இல்லதான். வேண்டாம்னு சொல்றது ஒருத்தரோட உரிமை. அதுக்கு வெக்கப்படவே கூடாது."

மகளிர் கூட்டங்களில் பேசுகிற அதே தெளிவான குரலில் சொன்னாள். அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"வேண்டாங்கறதுதான் சரிங்கற."

"ஆமாக்கா. அத மதிக்கணும்."

"ஓ." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இரு அக்கா, காபி வாங்கி வரச் சொல்றேன்."

"வேண்டாம். பல் வலிக்குது."

கைக்குட்டையை மறுபடியும் கன்னத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவுக்குத் தான் ஒரு கதவைத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் மாமாமேல் கோபமும் வந்தது. அவள் படிப்பு முடியும்வரை விடிகாலைப் பேருந்தில் அவளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்காரவைத்துக் கூட்டிப்போன மாமா. அவரா இப்படி?

சில நாட்கள் கழித்து மாமாவே தொலைபேசியில் அழைத்தார். பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. டிப்போவிலிருந்து பேசுகிறார்.

"என்னம்மா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க மாமா." குரலை இறுக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

"உங்கக்கா உன்ன வந்து பாத்தாளாமே."

"ஆமா."

"இல்ல, வந்ததுலேர்ந்து ஹால்ல சோபால படுத்துக்கறா. ஏன்னு கேட்டா, வேண்டாங்கறது உரிமையாம், என் தங்கச்சி சொல்லிட்டா, உங்க உரிமைய நான் கெடுக்க மாட்டேங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல."

"மாமா, அக்காவுக்கு இஷ்டமில்லாதப்போ நீங்க…"

"அவளுக்கு இஷ்டமில்லன்னு யாரும்மா சொன்னது?"

அவள் வாயைத் திறந்தாள். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. உங்க உரிமை என்றல்லவா அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் ஒரு வண்டி பின்னால் நகரும் சத்தம். யாரோ "வரட்டும், வரட்டும்" என்று கத்தினார்கள். அது ஓயும்வரை மாமா காத்திருந்தார். பிறகு வேகமாகச் சொன்னார், நிறுத்தினால் முடியாது என்பதுபோல.

"நான்தாம்மா. நான்தான் திரும்பிப் படுத்துக்கறேன். சுகர் வந்ததுலேர்ந்து உடம்பு சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அவ கிட்ட வந்தாலே பயமா இருக்கு. முடியலன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா என்ன பண்றதுனு, தூக்கம் வருது, வேண்டாம் போனு எரிஞ்சு விழறேன். இப்ப அவ சோபாக்குப் போனதும் மொதல்ல அப்பாடானுதான் இருந்துச்சு. பொய் சொல்லல. ஆனா வீட்டுல சிரிப்புச் சத்தமே இல்லம்மா."

"அக்காகிட்ட காரணத்த சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? நீயும் சொல்லிடாத. உன்ன எங்க கைல வளர்ந்த பொண்ணுனு நெனச்சா என்னால இத சொல்லியே இருக்க முடியாது. டாக்டர்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

அவர் வைத்துவிட்ட பிறகும் அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்காவின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவை அதில் வைத்துப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம்னே போகுது. கிட்ட வந்தா திரும்பிப் படுத்துக்கறது. ஒன்றுகூடப் பிசகவில்லை. நானும் மனுஷிதானே என்று அக்கா சொன்னது களைப்பால் அல்ல.

தவறாகக் காதில் வாங்கியதற்காக மட்டும் என்றால் அவள் தன்னை மன்னித்திருப்பாள். அக்காவுக்கு அப்படி ஒரு விருப்பம் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் தெரியாத எத்தனையோ பெண்களிடம், ஆசைப்படுவது குற்றமில்லை என்று சொல்லியிருக்கிறாள். தன்னை வளர்த்தவளுக்கு மட்டும் அதைத் தர மறந்திருக்கிறாள். பெரிய டாக்டர் சிரித்தாவது காட்டினார். அவள் சிரிக்காமல், மரியாதையான சொற்களில், அதையே செய்திருக்கிறாள். அடுத்து வந்த தம்பதியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே நீராவியும் சோப்பு வாடையும். சுவரோரம் பெரிய இயந்திரங்கள் வயிற்றில் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தன. நீண்ட மேசைமேல் வெள்ளைப் பெட்ஷீட்டுகள் குவிந்து கிடந்தன. அக்காவோடு மடிப்பவள் சாப்பிடப் போயிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. ஒரு ஷீட்டின் இரண்டு மூலைகளை நீட்டினாள்.

"பிடி. சும்மா நிக்காத."

இருவரும் பின்னால் நகர்ந்து இழுத்து உதறினார்கள். பாதியாக மடித்து முன்னால் வந்தார்கள். அவள் கையிலிருந்த மூலைகளை அக்கா வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"என்ன?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்!"

"கத்தாத. அடுத்தத எடு."

இஸ்திரி உருளையருகில் நின்ற ஒரு பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "தங்கச்சியாக்கா? அதே மூஞ்சி."

"ஆமா. பேச்சு சொல்லிக் குடுக்கறவ" என்றாள் அக்கா. பிறகு ஷீட்டை உதறியபடி, "அவளுக்கே இன்னும் சரியா வரல" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளும் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"மாமா போன் பண்ணினாரு."

அக்காவின் கை நின்றது. ஷீட்டு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"எதுக்கு?"

"சொன்னாரு. அவர்தான்னு. நீ இல்லன்னு."

"அவரு வாயத் தொறந்தாரா? உன்கிட்டயா?" அக்காவின் குரல் உடைந்தது. "என்ன சொன்னாரு?"

"அத அவர்தான்க்கா உன்கிட்ட சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

"அவரு சொல்ல என்ன இருக்கு? என்னப் புடிக்கல. கண்ணாடில பாத்தா எனக்கே தெரியுது. தூக்கு, தரைல படுது."

தூக்கினார்கள். அக்கா ஷீட்டைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தாள்.

"ரெண்டு வருஷமா யோசிச்சுத்தான் உன்கிட்ட வந்தேன். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொல்றாளே, நமக்கும் ஏதாவது சொல்லுவானு. நீ என்ன சொன்ன? வேண்டாங்கறவங்க பக்கம்தான் நியாயம்னுட்ட. அப்ப நான் கேக்கறதுதான் தப்பு. இந்த வயசுல இவ ஏன் அலையறானு நெனச்சுட்டு, அத நேரா சொல்லாம உரிமை கிரிமைனு சொல்லி அனுப்பிட்டனு நெனச்சேன். படியில எறங்கும்போது அப்படியே தரை பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு."

"ஐயோ அக்கா, அப்படி நெனைக்கல. நீதான் வேண்டாங்கறனு…"

"ஏன் அப்படித் தோணுச்சு? நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல." அவள் கையிலிருந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கேப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல."

"நான் என்ன மரக்கட்டையா?"

"அம்மா மாதிரியே இருந்துட்டியா, அதனால…"

"அம்மா மட்டும் என்ன? நீ என்ன வானத்துலேர்ந்தா குதிச்ச?"

இஸ்திரி உருளையருகில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது. அக்கா அந்தப் பக்கம் முறைத்தாள். ஆனால் அவள் வாயோரமும் கோணியது. அடுத்த கணமே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. இரண்டு கையிலும் துணி. தங்கை தன் பக்கத்து மூலைகளை மேசைமேல் போட்டுவிட்டு முன்னால் போய்த் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அக்கா முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்கூடப் படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. ஊருக்கு அந்தக் கோடில. நல்லா பாப்பாங்க. ரெண்டு பேரும் போங்கக்கா."

"இன்னொருத்திகிட்ட முதல்லேர்ந்து ஆரம்பிக்கவா? என்னால முடியாது. இருந்த தைரியமெல்லாம் அன்னிக்கே தீந்துபோச்சு."

"நீ பேச வேண்டாம். மாமா பேசட்டும்."

"அவரா!"

"என்கிட்ட பேசினாருல்ல."

அக்கா மடித்த ஷீட்டுகளை அடுக்கினாள். சரியாக இருந்ததையே மறுபடியும் தட்டிச் சரிசெய்தாள்.

"அவரு பேசினா நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள் கடைசியில். "என்ன வாயத் தொறக்கச் சொல்லக் கூடாது. போய்க் கேளு."

அன்று மாலையே மாமாவிடம் கேட்டாள். முன்பு பேருந்தில் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்து போனவள், அவருக்கு முன்னால் நின்று, மாமா நீங்கதான் முதல்ல சொல்லணும், அக்கா பக்கத்துல இருக்கும்போது சொல்லணும் என்றாள். மாமா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் அங்கேயே குத்திக்கொண்டார்.

"உன்கிட்ட டிப்போ சத்தத்துல சொல்லிட்டேம்மா. அமைதியான ரூம்ல எனக்கு வருமானு தெரியல."

"வரலன்னா காத்திருப்பாங்க மாமா. அவங்க வேலையே அதுதான்."

"அவ எழுந்து போயிட்டா?"

"போக மாட்டா."

"நீ எப்படிச் சொல்ற?"

அக்காவைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று இனி எந்த வாயால் சொல்வது? "தெரியல மாமா" என்றாள். அவர், "சரி. எங்க வரணும்?" என்றார்.

அந்த ஆலோசகரின் காத்திருப்பறையில் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எந்த வாக்கியத்தில் மாமா தடுக்கி நின்றிருப்பார், அக்கா எங்கே எழுந்திருக்கப் பார்த்திருப்பாள் என்று மனம் தன் பழக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை அதட்டி நிறுத்தினாள். மறுபடியும் ஆரம்பித்தது.

கதவு திறந்தபோது மாமா முதலில் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல் படிகளை நோக்கிப் போனார். அக்கா பின்னால் வந்தாள். எதையோ நம்ப முடியாதவளின் முகம்.

"உள்ள என்ன பேசினோம்னு கேக்காத."

"கேக்கலக்கா."

"நீ சொன்னவங்க நல்லவங்கதான்." கொஞ்சம் நடந்துவிட்டு, "நான் என்னென்னவோ நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. அக்காவும் மாமாவும் ஒரு இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவள் நடைவழிக்கு மறுபக்கம், ஓர் இருக்கை பின்னால். அவர்களுக்கு நடுவே அக்காவின் கைப்பை இருந்தது. இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்பின் தெரியாதவர்களைப் போல.

ஓட்டியவன் சின்னப் பையன். சிக்னலுக்குச் சிக்னல் கடைசி நிமிடத்தில்தான் வேகத்தைக் குறைத்தான். ஒவ்வொரு முறையும் மாமாவின் வலது கால் தானாக முன்னால் போய்த் தரையை அழுத்தியது. தோள்கள் இறுகின, கை முன்னிருக்கைக் கம்பியைப் பற்றியது. அவருக்கே அது தெரியவில்லை. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தபோது அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடைவெளி வெறுமையாகக் கிடந்தது. சிறிது நகர்ந்து உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"நீங்க ஓட்டல" என்றாள் தாழ்ந்த குரலில். "சும்மா உக்காந்து வாங்க."

மாமா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது தங்கையா, ஆலோசகரா என்று அவளுக்கே தெரியவில்லை. யாராக இருந்தாலும் அது பார்க்கக் கூடாதது என்று தோன்றிய கணத்தில் முகம் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை கடைகளின் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள்.